சேற்றில் இறங்கிய வண்டியும் பின்புறக் கொக்கியும்

(திருப்பாலைக்குடி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் விரிவுரையாளன் வந்திருக்கிறான், நெல்லைப் பற்றியோ மிளகாயைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று இரும்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

2021 ஆம் ஆண்டு ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரம். அறுத்த நெல்லையாவது கரை சேர்ப்போம் என்று ஒரு விவசாயி டிராக்டரையும் டிரெயிலரையும் வயலுக்குள் இறக்கினார். கண்மாய்ப் பாசனக் களிமண் எப்படிப்பட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் களிம்பு. டிராக்டரின் பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. மேலே நெல் மூட்டைகள். வானத்தில் மறுபடியும் மேகம்.

நான் அப்போது அந்தப் பக்கம் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பு. பின்புற பம்பரில் அழகான கொக்கி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. "இதில் கட்டுங்கள், இழுத்துவிடலாம்" என்று சொன்னவன் நான்தான். சங்கிலி இறுகியது, ஓட்டுநர் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். பம்பரின் ஒரு துண்டோடு கொக்கி பிய்ந்து, சங்கிலியோடு பறந்து, வரப்போரத்துப் பனைமரத்தில் அடித்தது. மரத்தில் கைவிரல் புதையும் அளவுக்குத் தழும்பு. அந்தப் பனைக்கு ஐந்தாறு அடி தள்ளி, வேடிக்கை பார்த்துக்கொண்டு இரண்டு பள்ளிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கொக்கியைப் பற்றவைத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குனிந்து பார்க்காமல் கட்டச் சொன்னது என் பிழை. அன்று முதல் இந்தக் கொக்கி விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில், கொக்கி ஏன் பின்புறம் வேண்டும்? சேற்றில் சிக்கிய வண்டிக்கு முன்னால் இருப்பதும் பெரும்பாலும் சேறுதான். அது வந்த தடத்தில், பின்னால்தான் கெட்டித் தரை இருக்கும். ஆகவே வந்த வழியே பின்னோக்கி இழுப்பதே எளிது. இழுக்க வரும் வண்டியும் தன் பின்புறத்தால்தான் இழுக்கும். ஆக இரண்டு வண்டிக்கும் பின்புறமே வேலை செய்கிறது.

அடுத்து, எவ்வளவு பாரம் வரும்? இராணுவத்தில் வண்டி மீட்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சக்கர மட்டத்துக்குப் புதைந்தால், வண்டியின் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு பங்கு. நம் ஊர் டிராக்டர் ஏறக்குறைய 2 டன் எடை. ஆழமாகப் புதைந்தால் 4 டன் இழுவை என்று கொள்ளுங்கள். மூட்டையோடு டிரெயிலரும் சேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடும். எனவே முதலில் மூட்டையை இறக்கி, டிரெயிலரைக் கழற்றிவிட வேண்டும். பின்பு மண்வெட்டியால் சக்கரத்தின் பின்புறச் சேற்றைச் சரிவாக வெட்டி எடுக்க வேண்டும். அரைமணி நேர மண்வெட்டி வேலை சங்கிலியின் பாரத்தைப் பெரிதும் குறைத்துவிடும். அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. நானும் அன்று செய்யவில்லை.

இனி, கொக்கி பொருத்தும் முறை. பிக்கப் வேன், ஜீப்பு வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பாரம் தாங்குவது சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களே. பம்பர் தாங்காது. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக அடியில் விடப்பட்டிருக்கும் மெல்லிய வளையமும் தாங்காது. டிரெயிலர் மாட்டும் பந்து போன்ற குமிழில் கட்டி இழுப்பது எல்லாவற்றிலும் ஆபத்து. அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். வெளிநாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

இரண்டு சட்டங்களின் பின்முனையிலும் ஆளுக்கொன்றாக இரண்டு கொக்கித் தகடுகள் பொருத்துவது நல்லது. சேசிஸில் பற்றவைக்காதீர்கள், சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். போல்ட்டுப் போட்டு இறுக்குங்கள். ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துவது உத்தமம். புதிதாகத் துளையிட நேர்ந்தால் சட்டத்தின் பக்கவாட்டில் மட்டும் இட வேண்டும். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளையிடலாகாது. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் ஒன்றும் இல்லாத போல்ட்டு இந்த வேலைக்கு ஆகாது. ஒரு தகட்டுக்குக் குறைந்தது இரண்டு, 16 மில்லிமீட்டர் போல்ட்டுகள் வேண்டும். நட்டுப் பக்கத்தில் சிறு வாஷர் மட்டும் போதாது. கனமான இரும்புத் தகடு ஒன்றை அணை கொடுக்க வேண்டும். சட்டம் பெட்டி போல் மூடியிருந்தால், உள்ளே ஒரு குழாய்த் துண்டைச் செருகி அதன் வழியாகப் போல்ட்டை விடுங்கள். இல்லையேல் இறுக்க இறுக்கச் சட்டம் நசுங்கும்.

தகட்டின் துளையில் ஷேக்கிள் மாட்ட வேண்டும். படகுக்காரர்களுக்கு இது பழகிய பொருள். அதன் மேல் தாங்கும் எடை பொறித்திருக்கும். வில் வடிவில் 19 மில்லிமீட்டர் கனமுள்ளதில் 4.75 டன் என்று இருப்பது வழக்கம். ஒன்றும் பொறிக்காததை விலை குறைவு என்று வாங்காதீர்கள். துளையின் விளிம்புக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே, ஷேக்கிள் பின்னின் கனத்துக்குக் குறையாமல் இரும்பு இருக்க வேண்டும். தகடுகள் பம்பருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கவும் வேண்டாம். வண்டிக்கு முன்னே மாட்டும் இரும்புக் காப்புச் சட்டங்களின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது நினைவிருக்கட்டும்.

இரண்டு கொக்கியிலும் சேர்த்து இழுக்கும்போது வடம் கவட்டை போல் பிரியும். அந்தக் கவட்டை குறுகலாக இருக்கட்டும். 60 பாகை விரிந்தால் ஒவ்வொரு கிளையும் இழுவையில் பாதிக்குச் சற்று அதிகம் தாங்கும். 120 பாகை விரிந்தாலோ ஒவ்வொரு கிளையிலும் முழு இழுவையும் விழும். இரண்டு கொக்கி போட்ட பயனே போய்விடும்.

டிராக்டருக்குப் புதிதாகக் கொக்கி எதுவும் தேவையில்லை. பின்னால் தாழ இருக்கும் இழுவைத் தண்டே அதற்கான இடம். சங்கிலி மண்ணில் புரளாமல் இருக்கட்டும் என்று சிலர் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டுகிறார்கள். ஐயா, அது கூடவே கூடாது. அச்சுக்கு மேலே கட்டினால், பாரம் அசையாத நேரத்தில் டிராக்டர் தன் அச்சையே சுற்றி மல்லாந்துவிடும். முன் சக்கரம் தூக்கிய ஒன்றரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குக்கூட நேரம் இருக்காது. சிக்கிய டிராக்டரின் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். கட்டை மாட்டிச் சக்கரம் நின்றதும், எஞ்சின் வண்டியையே தூக்கும்.

இழுக்கும்போது தாழ்ந்த கியரில், சங்கிலி தளர்ச்சி நீங்கிய பின் மெல்ல இழுக்க வேண்டும். வெட்டி இழுக்கலாகாது. நைலான் கயிறு ரப்பரைப் போல் நீளும். அறுந்தால் அத்தனை வேகத்தோடும் திரும்பும். வடத்தின் நடுவில் நனைத்த சாக்குகள் இரண்டைப் போட்டுவையுங்கள்; அறுந்தாலும் துள்ளல் குறையும். வடத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். போகாவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.

அன்று அந்த நெல் என்னாயிற்று என்று கேட்பீர்கள். மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கரையேற்றினோம். பாதி நனைந்துவிட்டது. டிராக்டர் மூன்று நாள் கழித்து, ஈரம் சற்று வாங்கிய பிறகு, மண்வெட்டி வேலையோடும் இன்னொரு டிராக்டரின் இழுவைத் தண்டோடும் வெளியே வந்தது. முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம். ஈரக் களியில் வண்டி இறங்கிய இடம் இறுகி, அடுத்த ஆண்டு அந்தத் தடத்தில் பயிர் கட்டையாகவே நின்றது என்பதையும் உழவியல்காரன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசிக்குள் புழுதி விதைப்பு முடியும். ஐப்பசியில் மழை பிடித்துவிடும். அதற்குள் பட்டறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வெளியே நிறுத்துங்கள். பாயை விரித்துப் படுத்து, அடியில் என்ன இருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.