அமர்ந்தவரும் வரைந்தவரும்

(பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1654-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு தகராறு எழுந்தது. தியேகோ த அந்திராடா என்னும் போர்த்துகீசிய வணிகர் ஓர் இளம்பெண்ணின் உருவத்தை எழுதித் தருமாறு ஓவியர் ஒருவரிடம் 75 கில்டர் முன்பணம் கொடுத்திருந்தார். படத்தைப் பார்த்த வணிகருக்கு நிறைவு இல்லை. பெண்ணின் சாயல் படத்தில் வரவில்லை. திருத்தித் தர வேண்டும், இல்லையேல் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நோட்டரி மூலம் எழுதி அனுப்பினார். ஓவியர் அசைந்து கொடுக்கவில்லை. மீதிப் பணம் வந்த பிறகே படத்தைத் தொட முடியும். சாயல் உண்டா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்துத் தலைவர்கள் தீர்மானிக்கட்டும் என்று கூறிவிட்டார். அந்த ஓவியர்தாம் ரெம்ப்ராண்ட்.

அதே 1654-இல் அவர் தம் நண்பரும் கவிஞருமான யான் சிக்ஸின் உருவத்தையும் தீட்டினார். வெளியே புறப்படும் மனிதர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே ஏதோ நினைவில் ஒரு கணம் நின்றுவிடுகிறார். அந்தக் கையுறையும் கையும் நாலைந்து அகன்ற வீச்சுகளில் முடிந்துவிட்டவை போலத் தோன்றும். இந்தப் படத்தைப் பற்றி எந்த நோட்டரியும் கடிதம் எழுத நேரவில்லை.

உருவ ஓவியத்தின் வரலாற்றில் தீராத வழக்கு இதுவே. முகம் அமர்ந்தவருடையது, பெரும்பாலும் பணமும் அவருடையது, கண்ணோ ஓவியருடையது. எகிப்தின் ஃபயூம் பகுதியில், கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் மூன்று நூற்றாண்டுகளில், மெழுகில் குழைத்த வண்ணத்தால் பலகையில் எழுதிப் பதப்படுத்திய சடலத்தின் முகத்தின்மீது வைத்துக் கட்டிய படங்கள் இன்றும் நம்மை நேர்கொண்டு நோக்குகின்றன. அவற்றை எழுதியோரின் பெயர்களை நாம் அறியோம். ஐரோப்பாவில் யான் வான் ஐக் 1433-இல் செந்நிறத் தலைத்துணி அணிந்த மனிதரைத் தீட்டியபோது, சட்டத்தின்மேல் நாளையும் தம் பெயரையும், தம்மால் இயன்றதைச் செய்ததாகப் பொருள்படும் தொடரையும் பொறித்தார். வரைந்தவனும் ஓர் ஆள் என்ற எண்ணம் அங்கே துலக்கமாகத் தெரிகிறது. 1650-இல் ரோமாபுரியில் வெலாஸ்கெஸ் எழுதிய பத்தாம் இன்னசென்ட் போப்பின் உருவம் மற்றொன்று. அது மிதமிஞ்சிய உண்மையாய் இருப்பதாகப் போப்பே குறைப்பட்டுக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அந்த ஐயம் நிறைந்த கண்களைப் பார்த்தவர் எவரும் அதை நம்பிவிடுவர்.

ரஷ்யா இத்துறைக்குப் பிந்தி வந்த நாடு. அங்கே நெடுங்காலம் திருவுருவப் பலகைகளே எழுதப்பட்டன. மனித முகம் பதினேழாம் நூற்றாண்டில்தான், அதுவும் திருவுருவத்தின் விறைப்புடனேயே, படத்துக்குள் புகுந்தது. மகா பீட்டர் இவான் நிக்கித்தினை இத்தாலிக்கு அனுப்பி ஓவியம் பயிலச் செய்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1773-74-இல் பீட்டர்ஸ்பர்க் வந்த பிரெஞ்சு அறிஞர் திதரோவை லெவித்ஸ்கி பொய்முடி இல்லாமல், வீட்டு அங்கியில் தீட்டினார். பாரிஸில் வான் லூ தம்மை எழுதிய படத்தைக் குறித்துத் திதரோ முன்பே முணுமுணுத்திருந்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. அந்த வீட்டு அங்கியை அவையோர் மனத்தில் இருத்திக்கொள்வது நலம். அது மீண்டும் வரும்.

1827-இல் புஷ்கினுக்கு இரண்டு படங்கள் எழுந்தன. நண்பர் தேல்விக் விரும்பியபடி கிப்ரென்ஸ்கி தீட்டியது ஒன்று. மார்பில் கட்டிய கைகள், தோளில் கட்டமிட்ட போர்வை, பின்னால் யாழேந்திய கலைமகளின் சிறு சிலை. கண்ணாடியில் காண்பது போலிருக்கிறது, ஆனால் இந்தக் கண்ணாடி முகஸ்துதி செய்கிறது என்னும் கருத்தில் புஷ்கினே ஓவியருக்கு ஒரு கவிதை எழுதினார். ஒரே மூச்சில் நன்றியும் சந்தேகமும் சொல்வது கவிஞர்களுக்குக் கைவந்த கலை அன்றோ! மற்றது, நண்பர் சோபலேவ்ஸ்கிக்காகத் திரொப்பீனின் எழுதியது. அதில் கவிஞர் வீட்டு அங்கியில், அவிழ்ந்த கழுத்துப் பட்டியுடன், கையைத் தாள்களின்மீது வைத்து அமர்ந்திருக்கிறார். திரொப்பீனின் பண்ணையடிமையாகப் பிறந்தவர். மிட்டாய்த் தொழில் கற்க எசமானரால் அனுப்பப்பட்டவர். 1823-இல், நாற்பத்தேழாம் வயதளவில்தான் விடுதலை பெற்றவர். பிரபுக்களின் மேசைக்கருகே நின்றே பாதி வாழ்நாளைக் கழித்த அந்த மனிதருக்குச் சட்டைப் பொத்தான் போடாத முகம் எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்ததில் வியப்பில்லை. அந்தப் படம் காணாமற்போய், அதன் இடத்தில் ஒரு நகல் வைக்கப்பட்டது. மூலம் 1850-களில் மாஸ்கோவில் ஒரு நாணயமாற்றுக் கடையில் கிடைத்தது.

இதுவரை படத்துக்குப் பணம் தந்தவர் அமர்ந்தவராகவோ அவரைச் சேர்ந்தவராகவோ இருந்தார். இதை மாற்றியவர் மாஸ்கோ துணி வணிகர் பாவெல் திரெத்யாக்கோவ். 1856 முதல் ரஷ்ய ஓவியங்களைச் சேர்த்து, 1892-இல் தொகுப்பு முழுவதையும் மாஸ்கோ நகருக்கே கொடுத்தவர். எழுத்தாளர், இசைவாணர், அறிஞர் முகங்கள் நாட்டுக்கு வேண்டும் என்று அவர் எண்ணினார். பணம் அவருடையது, அமர்ந்தவர் வேறொருவர். அழகாகக் காட்டும் கடமை ஓவியரின் தோளிலிருந்து இறங்கிவிட்டது. ரஷ்ய உருவ ஓவியத்தின் பெருமைக்கு ஓவியர்களின் திறமையோடு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

1872-இல் அவருக்காகப் பெரோவ் தஸ்தயேவ்ஸ்கியைத் தீட்டினார். வண்ணத்தைத் தொடுமுன் ஒரு வாரம் நாள்தோறும் வந்து வாதம் செய்து, நாவலாசிரியர் தம் எண்ணத்துள் ஆழும் கணத்தைப் பிடித்தார் என்று தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி எழுதி வைத்திருக்கிறார். முழங்காலைச் சுற்றிக் கோத்த விரல்கள், பழுப்புக் கோட்டு, எதிரிலிருப்பவரைக் காணாத கண்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘வெண்ணிற இரவுகள்’ படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த முகம் அன்னியமன்று.

இவான் கிராம்ஸ்கோய் இளமையில் ஒளிப்படங்களைச் செப்பனிடும் தொழில் செய்தவர். முகச் சுருக்கங்களை மறைத்துக் கூலி வாங்கிய கை அது! 1863-இல் கலைக்கழகம் பரிசுப் போட்டிக்கு விதித்த வல்ஹல்லா விருந்து என்னும் பொருளை எழுத மறுத்துப் பதினான்கு பேர் வெளியேறியபோது முன்னின்றவர் அவர். டால்ஸ்டாயின் உருவத்தைத் திரெத்யாக்கோவ் 1869-இலேயே கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். 1873 கோடையில் யாஸ்னயா பொல்யானாவுக்கு அருகே தங்கிய கிராம்ஸ்கோய் நேரிலேயே சென்றார். பிரபு எங்கே என்று ஒரு வேலையாளை வினவ, அவரே டால்ஸ்டாயாக இருந்தார் என்று சொல்வார்கள். மீண்டும் மறுப்பு. நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்தாவது இந்த முகம் காட்சிக்கூடத்துக்கு வந்தே தீரும். அப்போது வேறு எவரோ எதையோ பார்த்து எழுதுவார். உரிய காலத்தில் எழுதவில்லையே என்று பின்னோர் வருந்துவர் என்று ஓவியர் வாதிட்டார். குடும்பத்துக்கும் ஒரு படம் எழுதுவது என்ற உடன்பாட்டில் டால்ஸ்டாய் இணங்கினார். இரண்டு படங்களும் அந்தச் செப்டம்பரில் ஒருங்கே எழுந்தன. நாற்பத்தைந்து வயது, குடியானவரின் தளர்ந்த மேற்சட்டை, மடியில் கைகள், தப்ப இடம் தராத சாம்பல்நிறக் கண்கள். அப்போது அந்த வீட்டில் ‘அன்னா கரேனினா’ எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்நாவலில் அன்னாவின் உருவத்தை எழுதும் மிகைலோவ் என்னும் ஓவியர் கிராம்ஸ்கோயின் சாயல் கொண்டவர் என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, அமர்ந்தவரும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மற்றவரை எழுதிக்கொண்டிருந்தார்.

கவிஞர்கள் கூடிய இந்த அவையில் நெக்ராசவின் படத்தைச் சொல்லாமல் விடலாகாது. 1877-இல் கவிஞர் மரணப் படுக்கையில் இருந்தார். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே கிராம்ஸ்கோயால் எழுத முடிந்தது. வெள்ளைத் துணிகளுக்கு நடுவே தலையணையில் சாய்ந்து, கையில் எழுதுகோலுடன், அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறார் நெக்ராசவ். அந்த ஆண்டு டிசம்பரில், அந்நாளைய ரஷ்ய நாட்காட்டிப்படி, அவர் மறைந்தார். படம் முடிந்தது 1878-இல். ஆயினும் ஓவியர் அதில் இட்ட நாள் 1877 மார்ச் 3. கவிஞர் தம் இறுதிக் காலத் தாலாட்டுக் கவிதையை எழுதிய நாள் அது. ஓவியத்துக்கு இடவேண்டிய தேதியை ஒரு கவிதையிடமிருந்து வாங்கிக்கொண்ட ஓவியர் வேறெங்கேனும் உண்டா?

1881 மார்ச் மாதத் தொடக்கத்தில் இலியா ரேப்பின் பீட்டர்ஸ்பர்க் இராணுவ மருத்துவமனையில் இசைவாணர் முஸோர்க்ஸ்கியை நான்கே நாளில் தீட்டினார். படத்தாங்கி கிடையாது, அங்கிருந்த மேசையே உதவியது. குடியால் சிவந்த மூக்கு, கலைந்த தலைமுடி, மீண்டும் அந்த வீட்டு அங்கி. கண்கள் மட்டும் தெளிந்திருக்கின்றன. முடித்துப் பத்து நாள் கழிந்ததும் முஸோர்க்ஸ்கி இறந்தார். திரெத்யாக்கோவ் படத்தை வாங்கினார். ரேப்பின் அந்தப் பணத்தை இசைவாணரின் நினைவுச்சின்னத்துக்கு ஒதுக்கிவிட்டார். நோயாளியை அவலத்தில் காட்டலாமா என்று கேட்போர் இருக்கலாம். ஆனால் இகழ்ச்சியின் சாயல் ஒரு தீற்றலிலும் இல்லை.

அடுத்த மாதமே ரேப்பினுக்கும் திரெத்யாக்கோவுக்கும் கருத்து வேறுபாடு நேர்ந்தது. பழமைவாதப் பத்திரிகையாசிரியர் காட்கோவின் உருவம் வேண்டும் என்று திரெத்யாக்கோவ் கேட்டார். டால்ஸ்டாய், நெக்ராசவ் வரிசையில் அந்த முகத்தை எப்படி வைப்பது என்று ரேப்பின் கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுதினார், எழுதவும் மறுத்தார். அழகாகக் காட்ட மறுப்பது ஒன்று. காட்டவே மறுப்பது இன்னொன்று. இரண்டாவது உரிமை ஓவியனுக்கு உண்டா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் இருக்கலாம்.

கிராம்ஸ்கோயின் கடைசி நாளும் ஓர் உருவப் படத்தின் முன்னேதான் வந்தது. 1887 வசந்தத்தில் அவர் மருத்துவர் ரவுக்ஃபுஸைத் தீட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு நடுவே திடீரென முன்சாய்ந்து வீழ்ந்தார். எதிரே அமர்ந்திருந்தவர் மருத்துவர்; இருந்தும் பயனில்லை. கித்தானில் தலை எழுந்துவிட்டது, உடல் அரைகுறை. அந்தப் படம் அப்படியே பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.