உறைந்த காப்பி



சென்ற சித்திரையில் ஒரு நாள் மாலை, நாட்றம்பள்ளியில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஏலகிரி மலைமேல் மேகம் கூடியிருந்தும் மழை பெய்யாத புழுக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒருவர் மூடிய பாத்திரம் ஒன்றுடன் வந்தார். கடைத்தெருவில் சிறிய ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர்.

“சார், புதிதாகக் காப்பி ஐஸ்கிரீம் செய்திருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு கிண்ணம் தருவதாக முன்பணம் வாங்கிவிட்டேன். நீங்கள் சாப்பிட்டுப் பார்த்து, உள்ளதைச் சொல்ல வேண்டும்” என்றார்.

காப்பியைச் சுடச்சுடக் குடித்தே பழகியவன் நான். டவராவில் ஆற்றும்போதே மணம் மூக்கிற்கு வந்துவிடும். நாக்கின் வேலை அதற்குப் பிறகுதான். இந்தக் கிண்ணத்திலோ மணமே இல்லை. ஒரு கரண்டி வாயிலிட்டேன். முதலில் குளிர்ச்சி ஒன்றுதான் தெரிந்தது. அது உருகி, வாயின் சூடு ஏறிய பிறகு, வறுத்த கொட்டையின் கசப்பு மெல்ல எழுந்தது. கடைசியாகத்தான் மணம் தொண்டை வழியே மூக்கை எட்டியது. காப்பி குடிப்பதைத் தலைகீழாகச் செய்தாற்போல் இருந்தது!

இதில் வியப்பில்லை. மணம் என்பது பொருளிலிருந்து ஆவியாகப் பிரிந்து வருவது. குளிரில் அது எளிதில் கிளம்பாது. குளிர்ந்த நாவிற்கு இனிப்பும் குறைவாகவே தெரியும். ஐஸ்கிரீமை உருகவிட்டுக் குடித்துப் பாருங்கள், திகட்டும். ஆகவே சூடான காப்பிக்குப் போதுமான தூளும் சர்க்கரையும் உறைந்த காப்பிக்குப் போதா.

அது கிடக்கட்டும். பல்லிடுக்கில் நறநறவென்று ஏதோ அரைபட்டது. மணல் அன்று; நுண்ணிய பனித்துகள். “பிரமாதம்” என்று சொல்லி அனுப்பிவிடலாமா என ஒரு கணம் நினைத்தேன். ஆனால் முந்நூறு பேர் சாப்பிடப் போகிறார்கள். “நறநறக்கிறதப்பா” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

எப்படிச் செய்தார் என்று கேட்டேன். வழக்கமான பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவையில், காப்பிச் சுவை தூக்கலாகத் தெரிய வேண்டுமென்று டிகாக்ஷனைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். டிகாக்ஷன் எவ்வளவு கறுப்பாயிருந்தாலும் பெரும்பகுதி தண்ணீர்தானே? பாலின் கொழுப்பும் சர்க்கரையும் இடைவிடாத கடைசலும் சேர்ந்துதான் பனித்துகள்களைப் பெருகவிடாமல் தடுக்கின்றன. தண்ணீர் மிகுந்தால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். நான் வரலாறு படித்தவன். இதற்கு மாற்று எனக்குத் தோன்றவில்லை. அவரே சற்று யோசித்து, “தூளைச் சூடான பாலிலேயே ஊறவைத்து வடிகட்டினால் தண்ணீர் சேராதே, சார்!” என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குப் பழைய வகுப்பறை ஒன்று நினைவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தைப் பற்றி அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் பிரெடெரிக் டியூடர் என்ற வணிகரின் நிறுவனம் 1842-இல் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டியது அது. பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது வெட்டியெடுத்த கட்டிகள், மரத்தூளில் பொதியப்பட்டுக் கப்பலேறி, பல மாதங்கள் கடந்து சென்னைக்கு வந்தன. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியில் பனிக்கட்டி வெட்டுவதை நேரில் கண்ட தோரோ, அந்த ஏரியின் நீரைச் சென்னை மக்களும் பருகப்போவதை எண்ணி எழுதியிருக்கிறார். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் மறைந்தது.

அப்போது இந்த மாணவன் எழுந்தான். அவன் தந்தை வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலையொன்றில் பச்சைத்தோலின் உப்பை உதறும் வேலை செய்தவர். “சார், அந்தக் கட்டியில் ஐஸ்கிரீம் செய்ய உப்பு வேண்டாமா? குல்பிக்காரர் பானையில் ஐஸோடு உப்பும் போடுகிறார்” என்றான். “உப்புப் போட்டால் பனிக்கட்டி உருகிவிடும், உருகினால் குளிர்ச்சி ஏது? உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது.

நான் சொன்னது பிழை. பனிக்கட்டி ஒரு கிராம் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். உப்பு அதை விரைந்து உருகச் செய்கிறது. அதற்கான வெப்பம் சுற்றியுள்ள பொருளிலிருந்தே பறிக்கப்படுகிறது. உருகுவதே குளிர்விப்பது! அந்தக் கலவை சுழிக்குக் கீழே 21 பாகை வரைகூட இறங்கும். சர்க்கரை கரைந்த பாலோ சுழியில் உறையாது. அதற்குக் கீழே இரண்டு மூன்று பாகை இறங்கினால்தான் உறையத் தொடங்கும். வெறும் பனிக்கட்டியைச் சுற்றி அடுக்கினால் பால் குளிருமேயன்றி ஐஸ்கிரீம் ஆகாது. தோலை அழுகாமல் காக்கும் அதே உப்புத்தான் இங்கே பாலை உறைய வைக்கிறது. இதைச் சில ஆண்டுகள் கழித்து ஓர் அறிவியல் நூலில் படித்தேன். அதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். பிறகு கடைத்தெருவில் எத்தனையோ முறை அவரைச் சந்தித்திருக்கிறேன். ஏனோ வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை மறுபடி வந்தார். இம்முறை ஐஸ்கிரீம் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் இருந்தன. “கல்யாணத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்” என்றேன். அவர் பாத்திரத்தை எடுக்கும்போது, அந்த உப்புக் கதையைச் சொல்லி, “தவறு என்னுடையது, அப்பா” என்றேன்.

அவர் சிரித்தார். “நினைவிருக்கிறது, சார். அன்று இரவு குல்பிக்காரர் மணியடித்ததும் ஓடிப்போய் மறுபடி பார்த்தேன். உப்புத்தான் போட்டார்.”

அவர் போனபின், கிண்ணத்தின் அடியில் உருகிக் கிடந்ததையும் வழித்துச் சாப்பிட்டேன். நள்ளிரவு ஒரு மணி வரை உறக்கம் வரவில்லை. உறைய வைத்தாலும் காப்பியிலுள்ள கஃபீன் எங்கும் போய்விடுவதில்லை.