கூடைக்குள் ஒரு பயணி



அயல்நாடு செல்லும் விமானங்களில், பயணியர் சிலர் கையில் ஒரு சிறு கூடையுடன் ஏறுவதைக் காணலாம். அதன் வலைக்கண் வழியே ஒரு பூனையோ மடிநாயோ மருண்ட விழிகளுடன் வெளியே நோக்கிக்கொண்டிருக்கும். கூடையும் விலங்குமாக 8 கிலோவுக்கு மிகாதிருப்பின், அதனை முன்னிருக்கையின் அடியில் வைத்துக்கொள்ள ஐரோப்பிய விமான நிறுவனங்கள் சில இசைகின்றன. ஆகவே நம் நாட்டுப் பூனையொன்று தன் தலைவியின் காலடியில் அமர்ந்தவாறே பாரிஸ் நகரம் போய்ச் சேரலாம். ஆனால் அதே பூனை இலண்டனுக்கு நேரே பறக்க நேரின், அதற்குப் பயணியர் பகுதியில் இடமில்லை. சரக்கறையில், உரிய பெட்டியில், தனிச் சீட்டுடன்தான் அது செல்ல வேண்டும். பார்வையற்றோர்க்கு வழிகாட்டுவன போன்ற பயிற்சி பெற்ற நாய்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

பிரிட்டன் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவானேன்? வெறிநாய்க்கடி நோயோடு அத்தீவு நடத்திய நெடும் போராட்டத்தை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டபின் பிழைத்தவர் மிகமிக அரியர். 1897-ஆம் ஆண்டில், வேளாண்மைத் துறைக்குத் தலைமை தாங்கிய வால்டர் லாங் என்பார் நாய்களுக்கு வாய்க்கூடு பூட்ட வேண்டுமென ஆணையிட்டார். நாய் வளர்த்தோர் அவரைத் தூற்றினர், அவர் பின்வாங்கவில்லை. 1902-இல் நோய் அந்நாட்டை விட்டு அகன்றது. ஆயினும் முதல் உலகப் போர் முடிவுற்ற 1918-இல் பிளிமத் பகுதியில் அது மீண்டும் தலைகாட்டியது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர் எவரோ மறைத்துக் கொணர்ந்த நாயே காரணம் என்று கருதப்படுகிறது. போர்க்களத்தில் துணையாயிருந்த உயிரைக் கைவிட மனமில்லாதவரை நாம் எளிதில் பழிக்க இயலாது. எனினும் அவ்வன்பின் விளைவைத் துடைத்தெறிய 1922 வரை ஆயிற்று.

அயல்நாட்டு நாய், பூனைகளை ஆறு திங்கள் தனிமைக் காவலில் வைப்பது பிரிட்டனின் நெடுநாளைய சட்டம். அக்காவலும் முற்றிலும் பழுதற்றதன்று. 1969-இல், ஜெர்மனியிலிருந்து வந்த நாயொன்று ஆறு திங்களையும் முறையாகக் கழித்து வெளிவந்தபின், கேம்பர்லி என்னும் ஊரில் வெறிகொண்டது. நோய்க்கிருமி உடலினுள் பல திங்கள் உறங்கிக் கிடக்கக்கூடும் என்பதே இதில் உள்ள இடர்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 முதல், குறித்த சில நாடுகளின் விலங்குகளுக்குக் காவலுக்கு மாற்றாகத் தடுப்பூசியும் குருதிச் சோதனையும் ஏற்கப்பட்டன. 2012 முதல் இந்தியா போன்ற நாடுகளின் விலங்குகளுக்கும் இவ்வழி திறந்தது. காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை, அயல்நாட்டுக் கொட்டடியில் கழிந்த காலம் இப்பொழுது சொந்த வீட்டில் கழிகிறது.

இதன் முறை வருமாறு. முதலில் விலங்கின் தோலுக்கடியில், அரிசி மணி அளவினதாகிய மைக்ரோசிப் ஒன்றைச் செலுத்துவர். அதில் 15 இலக்க எண் பொதிந்திருக்கும். அதன் பின்னரே, அல்லது அதே நாளிலே, வெறிநோய்த் தடுப்பூசி இடல் வேண்டும். ஊசி முந்தி, சிப் பிந்தினால் அவ்வூசி கணக்கில் சேராது. ஊசி பெற்றது இவ்விலங்குதான் என்பதற்குச் சான்றில்லையன்றோ? 12 வாரம் நிறையாத குட்டிக்கு இட்ட ஊசியும் செல்லாது. ஊசிக்குப் பின் 30 நாள் கழித்துக் குருதி எடுத்து, ஏற்கப்பட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். குருதிநீரில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகேனும் எதிர்ப்பொருள் இருத்தல் வேண்டும். இருப்பினும் குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று திங்கள் கழியும்வரை புறப்படலாகாது. தடுப்பூசிக்கு முன்னரே நோய் புகுந்திருப்பின், அது இக்காலத்துள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ ஏழு திங்கள் நிரம்பாத குட்டி எதுவும் நம் நாட்டிலிருந்து இவ்வழியே ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ கால்வைக்க இயலாது. பாரிஸ் செல்லும் பூனைக்கும் இதே நிபந்தனைதான். இருக்கையின் அடியில் இடம் கிடைத்தது என்பதனால் எதுவும் தளராது.

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலக நல நிறுவனம் மதிப்பிடுகிறது. அவருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நம் நாட்டவர். இக்கணக்கை அறிந்தபின், நம் விலங்குகளிடம் மட்டும் குருதிச் சோதனை கேட்பது ஏன் என்று சினப்பதற்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாரிஸ் வரை கூடையுடன் பறந்து, அங்கிருந்து மோட்டார் வண்டியில் கலே நகரம் சென்று, கால்வாய்ச் சுரங்க ரயில் வழியே பிரிட்டனுக்குச் செல்வோரும் உளர். சட்டம் இதற்கு இடந்தருகிறது, சோதனையும் அங்குண்டு. அலுவலர் கருவியால் சிப்பின் எண்ணைப் படித்து, சான்றிதழோடு ஒப்பிடுவார். நாயாயின், நாடாப்புழு மருந்து அளித்த நேரத்தையும் பார்ப்பார். நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் முன்னதாக அது அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பூனைக்கு இம்மருந்துக் கட்டாயமில்லை. சான்றிதழில் குறை காணப்படின், விலங்கைத் திருப்பி அனுப்பவோ, உரியவர் செலவில் நான்கு திங்கள் வரை காவலில் வைக்கவோ அவர்க்கு அதிகாரம் உண்டு.