கையில் கட்டும் கருவியும் நம்ம தூக்கமும்

(மங்கலம்பேட்டை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ராத்திரி 8 மணி. தவணை வசூல் நடக்கும்போதே ஒரு அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். கூட்டத்தில் தூங்கினால் 10 ரூபாய் அபராதம் என்று தீர்மான நோட்டில் இருக்கிறது, அதன்படி வசூல் செய்தார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதச் சொன்னதே நாங்கள்தான்.

வெளியே வந்து, "ராத்திரி எவ்வளவு நேரம்க்கா தூங்குறீங்க?" என்று கேட்டோம். "பத்துக்குப் படுக்குறேன், நாலுக்கு எழுந்து மல்லாட்டை பிடுங்கப் போறேன். ஆறு மணி நேரம் ஆச்சே, அது போதாதா?" என்றார்.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதுவும் படுத்திருந்த நேரம் இல்லை, தூங்கிய நேரம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம்ம சென்னையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃப்ராங்க் ஷில்பாக், கௌதம் ராவ், ஹெதர் ஷோஃபீல்டு முதலான பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு அது, 2021-ல் வெளிவந்தது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஒரு மாதம் கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை கொடுத்து, கையில் வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் கருவி ஊசி எதுவும் குத்தாது. கை அசைகிறதா என்பதை நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளும். ரொம்ப நேரம் அசைவே இல்லையென்றால் தூக்கம், அசைந்தால் விழிப்பு என்று கணக்கு. கடன் கவலையில் கட்டை மாதிரி அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கம் என்று எழுதிவிடும், அந்தக் குறை உண்டு. இப்போது கடையில் விற்கும் ஸ்மார்ட் வாட்சும் இந்த அசைவைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது.

கணக்கில் என்ன வந்தது தெரியுமா? அவர்கள் படுத்திருந்தது சுமார் 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம். ஒரு ராத்திரியில் 30 தடவைக்கு மேல் விழிப்பு! வெக்கை, கொசு, சத்தம், நெருக்கடியான வீடு. நம்ம ஊரிலும் இதெல்லாம் இருக்கிறது. கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

பிறகு ஃபேன், கட்டில், மெத்தை, காதடைப்பான் எல்லாம் கொடுத்தார்கள். தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ உடல்நலத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. துண்டு துண்டான தூக்கம் அதிகமானதால் பலன் இல்லையோ என்று நினைக்கிறார்கள்.

மத்தியானம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் படுக்க விட்டவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. கவனமும் மனசும் தெளிவாக இருந்தன, வேலையும் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அரை மணியிலும் விடாமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் சம்பாதித்தது குறைவுதான். கிலோ கணக்கில் கூலி வாங்கி முந்திரி உடைப்பவர்களிடம் "படுங்க" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆனால் எப்படியும் சாப்பாட்டு நேரம் விடுகிற இடத்தில், பேசிக்கொண்டிருப்பதற்குப் பதில் கண்ணை மூடினால் நஷ்டம் இல்லை. பகலில் படுத்தால் சோம்பேறி என்று மாமியார் சொல்வார், அது வேறு விஷயம்.

இன்னொன்று. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருவது, படுத்ததும் கால் குடைந்து குடைந்து ஆட்டச் சொல்வது, இவை களைப்பு மட்டும் இல்லை. இரண்டாவதற்கு இரும்புச் சத்துக் குறைவும் ஒரு காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தம் சோதியுங்கள்.

அபராதத் தீர்மானத்தை ரத்து செய்யலாமா, கூட்டத்தை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றலாமா என்று அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்க ஊக்குநரிடம் சொல்லியிருக்கிறோம். அக்காவின் 10 ரூபாயைத் திருப்பித் தருவதையும் குழுதான் முடிவு செய்யணும்.