கடிதத்தை ஒட்டி அனுப்புவோம்
(தோப்பூர் கணினி வகுப்பில் ஆற்றிய உரை)



வயல் வேலை செய்கிற இந்த ஊரில் எங்கள் தபால் கதை புதிதாக இருக்கலாம். மலையகத்தில் பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்துதான் எங்கள் கைக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் உண்டு. பிரித்துப் பார்த்த கடிதங்களும் உண்டு. அதிலிருந்து தப்பத்தான் மின்னஞ்சலுக்கு வந்தோம்.

ஆனால் சாதாரண மின்னஞ்சல் ஒட்டாத கடிதம்தான். கூகுள் போன்ற நிறுவனங்கள் வழியில் அதைப் பாதுகாத்தாலும், தங்கள் சேமிப்பில் அவர்களால் வாசிக்க முடியும். நம் கடவுச்சொல் தெரிந்த எவரும் வாசிக்கலாம். சேமலாப நிதி நிலுவை கேட்டு முப்பது பேரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அதில்தான் அனுப்புகிறோம். மேற்பார்வையாளரின் தொல்லை பற்றி ஒரு சகோதரி எழுதியதும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது. அது வெளியே போனால் வேலை போவது அவருக்கு.

1991இல் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் பீஜீபி என்ற மறைகுறியாக்க நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் நின்றவர் அவர். அமெரிக்க அரசு மூன்று வருடம் அவரை விசாரித்து, 1996இல் வழக்குத் தொடராமலே விட்டது. ஒற்றர்களின் விளையாட்டு என்று நினைத்து ஒதுங்க வேண்டாம், இது போராடுகிறவர்களிடம் பிறந்த பொருள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி. ஒன்று திறந்த பூட்டு மாதிரி. கேட்பவருக்கெல்லாம் கொடுக்கலாம், அதை வைத்து நமக்கு எழுதும் கடிதத்தைப் பூட்டுவார்கள். திறக்கும் சாவி நம்மிடமே இருக்கும். தண்டர்பேர்ட் மென்பொருளில் 2020 முதல் இந்த வசதி உள்ளேயே வருகிறது. காசு இல்லை.

"சும்மா சுகம் விசாரிக்க எதற்குப் பூட்டு?" என்பீர்கள். தோட்டத்தில் ஒருவர் மட்டும் கடிதத்தை ஒட்டினால் அதன்மேல்தான் கண் விழும். கூட்ட அறிவித்தலும் கல்யாண அழைப்பும் பூட்டியே போனால், அந்தச் சகோதரியின் கடிதமும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும்.

யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது மட்டும் மறையாது. பல மென்பொருள்களில் தலைப்பும் மறையாது, ஆகவே தலைப்பில் ஆள் பெயர் போடாதீர்கள். அலுவலகக் கணினியில் சாவியை வைக்கவே வேண்டாம். சாவி தொலைந்தால் பழைய கடிதங்களைச் சங்கத்தாலும் திறந்து தர முடியாது. ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

மாலைக்குள் பக்கத்தில் இருப்பவரோடு பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள். சாவியின் அடையாள எண்ணை முகம் பார்த்து வாசித்துச் சரிபாருங்கள். முதல் கடிதத்தில் பெரிதாக எதுவும் வேண்டாம், இன்றைக்கு என்ன கறி என்று கேட்டாலும் போதும்.