கரியாலூருக்கு ஸ்பீடு போட் கேட்பதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கல்வராயன்மலைச் சுற்றுலாவும் அதையொட்டிய மனுவும் விவாதத்துக்கு வந்தபோது, படகு எஞ்சின் பணிமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



லீவுக்குக் குடும்பத்தோடு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, கோமுகி அணையையும் நீர்வீழ்ச்சிகளையும் பார்த்துவிட்டு, கரியாலூர் ஏரியில் படகு சவாரி போய்வருவது என்று முடிவாகியிருக்கிறது. நல்ல விஷயம். அதோடு இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது: "அங்கே மிதிபடகுதான் இருக்கிறது. ஊட்டியிலும் பைக்காராவிலும் மோட்டார் படகு ஓடுகிறதே, நமக்கும் ஸ்பீடு போட் வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுப்போம்" என்று. கையெழுத்துத் தாளும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் எனக்குக் கொடுங்கள். மனுவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனுவில் கேட்க வேண்டியது வேறு என்பதுதான் என் கருத்து.

கடலுக்கு எவ்வளவு, குளத்துக்கு எவ்வளவு?

படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சினைத்தான் அவுட்போர்டு மோட்டார் என்கிறோம். அதன் திறனை எச்.பி. கணக்கில், அதாவது குதிரைத்திறனில் சொல்வார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்.

கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். வலை, ஐஸ் பெட்டி, மூன்று நான்கு ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு அலையை உடைத்துப் போகும் அந்தப் படகுகளில் பல 10 குதிரைத்திறனைச் சுற்றியுள்ள எஞ்சினில்தான் ஓடுகின்றன. வங்காள விரிகுடாவுக்கே அது போதுகிறது. பெரிய விசைப்படகுகளுக்கும் 240 குதிரைத்திறன் என்று 2020-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் தமிழ்நாடு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடலுக்கே வரம்பு இருக்கும்போது ஒரு மலை ஏரிக்கு இருக்கக் கூடாதா?

மனிதக் காலுக்கு எத்தனை எச்.பி. என்று சின்னவர்கள் கேட்கலாம். சாதாரண ஆள் ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை கொடுப்பார். இருவர் மிதிக்கும் படகு சுமார் கால் குதிரைத்திறனில் ஓடுகிறது. அந்தக் கால் குதிரையில்தான் நாம் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்து, "கால் வலிக்கிறது" என்று சொல்லி டீ குடிக்கிறோம்.

எட்டு மடங்குக் கணக்கு

பெரிய எஞ்சின் போட்டால் அதே அளவு வேகம் கூடும் என்று தோன்றும். தண்ணீரில் அப்படி நடப்பதில்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகுக்கு வேகம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காக வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. 12 அடி நீளப் படகுக்கு மணிக்கு எட்டரை கிலோமீட்டர் அளவில் அந்த எல்லை வந்துவிடும். நான்கு பேரோடு அந்த வேகத்தைத் தொட இரண்டு, மூன்று எச்.பி. போதும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கி ஓட வேண்டும். அதுதான் ஸ்பீடு போட். அதற்குப் பல மடங்கு பெரிய எஞ்சின் தேவை.

இப்போது ஏரிக்கு வருவோம். கணக்குக்காகக் குறுக்களவு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை கிலோமீட்டர் வேகத்தில் அக்கரை சேர ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் 18 விநாடி. ஸ்பீடு போட்டுக்கு டிக்கெட் வாங்கி, ஏறி உட்கார்ந்து, செல்போனை எடுப்பதற்குள் கரை வந்துவிடும். சின்ன ஏரியில் வேகம் கூடக் கூட நமக்குக் கிடைக்கும் சவாரி குறைகிறது. அந்த 18 விநாடிக்குள் எதிரே குழந்தைகளோடு ஒரு மிதிபடகு வந்தால் படகோட்டி என்ன செய்வார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். படகுக்கு பிரேக் கிடையாது.

பின்பலகை தாங்க வேண்டும்

எஞ்சினுக்கு எடை உண்டு. இரண்டரை எச்.பி. எஞ்சினை ஒரு ஆள் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். 10 எச்.பி. எஞ்சின் 40 கிலோ அளவில் வரும். 40 எச்.பி. என்றால் கிட்டத்தட்ட 100 கிலோ. இத்தனையும் படகின் பின்முனையில் தொங்குகிறது. அதன் பக்கத்திலேயே ஓட்டுநரும் உட்காருகிறார். பின்பக்கம் தாழ்ந்து, பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லாமல் போகலாம். வேகமாக வந்து சட்டென்று நிறுத்தினால், படகு எழுப்பிய அலை பின்னாலேயே துரத்தி வந்து பலகையைத் தாண்டி உள்ளே விழும். அதனால்தான் அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில், எத்தனை பேர், எத்தனை எடை, அதிகபட்சம் எத்தனை எச்.பி. என்று ஒரு தகட்டில் பொறித்து ஒட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தகடு இல்லாத சிறு படகுக்கு அவர்கள் சொல்லும் எளிய கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, 15-ஆல் வகுங்கள். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 70. பதினைந்தால் வகுத்தால் நான்கு பேர். அதுவும் காற்றில்லாத நாளுக்கு.

ஏரி என்ன ஆகும்?

ஆழம் குறைந்த ஏரியில் ப்ரொப்பல்லர் சுற்றினால் அடிச்சேறு கலங்கி மேலே வரும். சேற்றில் படிந்திருக்கும் பாஸ்பரஸ் தண்ணீரில் கலந்தால் பாசி பெருகும். அலை கரையை அரிக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால், ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குள் போய்விடும். ஆறு ஓடிக்கொண்டே இருக்கும், கழுவிக்கொண்டு போகும். ஏரிக்கு அந்த வசதி இல்லை.

மற்ற ஊர்களிலும் இதை யோசித்திருக்கிறார்கள். 1863-இல் வெரே லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர். அங்கே இன்றும் மிதிபடகும் துடுப்புப் படகும்தான் பிரதானம். யாரும் ஏமாந்து திரும்புவதில்லை. போபால் நகருக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரியில் க்ரூஸ், மோட்டார் படகுகளை நிறுத்தச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஜெர்மனியின் கோனிக்ஸ்ஸே ஏரியில் 1909 முதல் சுற்றுலாப் படகுகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி சுமார் 17 கிலோமீட்டர் நீளம். அங்கேயே 2005 முதல் மணிக்கு 10 நாட், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர்தான் உச்ச வேகம். பைக்காராவில் ஸ்பீடு போட் ஓடுகிறதே என்றால், அது மின் உற்பத்திக்காகக் கட்டிய பெரிய நீர்த்தேக்கம். கரியாலூரை அதோடு ஒப்பிட முடியாது.

உயிர் போவது எதனால்?

எச்.பி.யைக் குறைத்துவிட்டால் மட்டும் ஆபத்து போய்விடாது. நம் நாட்டில் நடந்த விபத்துகளைப் பாருங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். பெரும்பாலும் ஒரே சொந்தபந்தம். 2023 மே 7 அன்று மலப்புரம் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். ஹர்ணி என்பது ஊருக்கு நடுவே உள்ள சின்ன ஏரி. கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே நடந்தது.

இவற்றில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, உயிர்காப்பு ஜாக்கெட் இல்லாதது அல்லது மாட்டாதது, எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தது. இவற்றில் எதற்கும் பெரிய எஞ்சின் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இந்த மூன்று ஓட்டைகள் உள்ள இடத்தில் பெரிய எஞ்சினையும் கொண்டுபோய் வைத்தால், நான்காவதாக ஒரு ஓட்டையை நாமே போடுகிறோம் என்று அர்த்தம்.

மலையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனால் பெரிய அடி என்றால் வளைவுகளில் இறங்கி, சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கோ நான்கைந்து நிமிடம்தான் கணக்கு. அந்த உதவி ஏரிக்கரையிலேயே இருந்தாக வேண்டும்.

அப்படியானால் என்ன கேட்கலாம்?

"முழங்கால் வலிக்காரர்கள் எப்படி மிதிப்பது?" என்று பி பிளாக் அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. "மோட்டார் படகு வந்தால் மலைவாசி இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமே" என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் நியாயம்தான். இரண்டுக்கும் துடுப்புப் படகு பதில் சொல்லும். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பிள்ளை துடுப்புப் போடட்டும். பெரியவர்கள் உட்கார்ந்து வரட்டும். இன்னும் வேண்டுமானால் பேட்டரியில் ஓடும் ஒரு குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறு மோட்டார் கேட்கலாம். சத்தம் இல்லை, எண்ணெய் இல்லை. எந்த மோட்டாரானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, இயந்திரத்தில் ஓடும் கலம் என்றால் ஆய்வு, பதிவு, தகுதியுள்ள ஓட்டுநர், காப்பீடு எல்லாம் பேச வேண்டிவரும். மோட்டாரை மட்டும் கேட்டுவிட்டு இவற்றைக் கேட்காமல் விடுவது சரியில்லை.

ஆகவே மனுவை இப்படித் திருத்தலாம் என்று முன்மொழிகிறேன்:

1. ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.
2. குழந்தைகள் அளவு உட்பட போதுமான ஜாக்கெட் வேண்டும். பக்கிள் மாட்டாமல் படகை அவிழ்க்கக் கூடாது.
3. சவாரி நேரம் முழுவதும் நீச்சலும் முதலுதவியும் தெரிந்த ஒருவரோடு ஒரு மீட்புப் படகு தயாராக நிற்க வேண்டும். மோட்டார் வேண்டுமென்றால் அதில் இருக்கட்டும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும் கயிறு அவர் உடையில் மாட்டியிருக்க வேண்டும்.
4. சவாரிக்கு மோட்டார் வருவதானால் திறனுக்கும் வேகத்துக்கும் வரம்பை முதலில் எழுதி, கரையில் பலகையாக வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. சுற்றுலா அன்று பிளாக்குக்கு ஒருவர் கரையில் நின்று, ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணட்டும். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ், மாற்றிக் கேளுங்கள். நடு ஏரியில் எழுந்து செல்ஃபி எடுக்க வேண்டாம். காற்றும் இடியும் வந்தால், டிக்கெட் காசு போனாலும் இறங்கிவிடுங்கள். "இன்னும் ஒருத்தர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்ற வார்த்தையை அன்று ஒரு நாள் யாரும் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் அட்ஜஸ்ட் செய்யலாம்; படகில் முடியாது.

கையெழுத்துத் தாளின் முதல் பக்கத்தை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் புதிதாகப் போடுங்கள். சம்மதம் இல்லையென்றால் இப்போதே எழுந்து கேளுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.