வழி அடைபட்ட நீரும் காலம் தாழ்த்தாத கருணையும்

(உடுமலைப்பேட்டையில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ச் சமணப் புலவர்கள் அறத்தையும் மருந்தையும் ஒன்றாகவே கண்டனர். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ‘ஏலாதி’ என்று பெயரிட்டார். காரியாசான் ‘சிறுபஞ்சமூலம்’ என்று பெயரிட்டார். இரண்டுமே மருந்தின் பெயர்கள். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள்ளும் மருந்துக்கு இடம் உண்டு. அம்மரபில் நின்று, மூளையைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி இவ்விழா மேடையில் பேசுவது பொருத்தமே. மருத்துவர்கள் அதனை ஹைட்ரோகெபாலஸ் என்பர். தமிழில் மூளை நீர்த்தேக்கம் எனலாம். சளி பிடித்தபோது தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று வீடுகளில் சொல்லும் நீர்க்கோவை வேறு, இந்நோய் வேறு.

பரம்பிக்குளத்து நீர் காண்டூர் கால்வாய் வழியே திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால்களில் பிரிந்து வயல்களை அடைவதை இவ்வட்டாரத்து உழவர்கள் அறிவார்கள். வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு நேர்ந்தால் கீழ்வயல் காயும், மேல்வயல் மூழ்கும். மூளைக்குள்ளும் இத்தகைய நீரோட்டம் ஒன்று உண்டு. மூளையின் நடுவே நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கும். ஆனால் ஒரு நேரத்தில் உள்ளே இருப்பதோ ஏறத்தாழ 150 மில்லிலிட்டரே. ஆகவே அந்நீர் நாள்தோறும் மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. அறைகளைக் கடந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடி, முடிவில் இரத்தத்தோடு கலக்கிறது.

மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையே உள்ள வழி மிகக் குறுகியது. அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அடைப்பு பெரும்பாலும் நேர்வது இத்தகைய குறுகலான இடங்களில்தான். பிறவியிலேயே அவ்வழி சுருங்கியிருக்கலாம். குறைமாதக் குழந்தையின் மூளை அறைகளில் இரத்தம் கசிந்து உறையலாம். கட்டி அழுத்தலாம். மூளையுறையைத் தாக்கும் காசநோய் வழியைத் தூர்க்கலாம். வழி அடைபட்டாலும் சுரப்பு நிற்பதில்லை என்பதே இந்நோயின் கொடுமை. தேங்கிய நீர் அறைகளை விரிக்கிறது. விரிந்த அறைகள் மூளையை உள்ளிருந்து மண்டையோட்டின்மீது நெருக்குகின்றன.

கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றாகக் கூடாதவை. ஆதலால் தலை பெருக்கிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச்சுற்றளவு, முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. அதனினும் விரைந்து வளர்ந்தாலும், உச்சிக்குழி புடைத்து இறுகினாலும், தலைத்தோலில் நரம்புகள் தடித்துத் தெரிந்தாலும், கண்பாவை கீழ்நோக்கியே சரிந்து நின்றாலும், குழந்தை பால் குடிக்காமல் வாந்தி எடுத்தாலும் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தையற்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்று போதும். தடுப்பூசிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் தலையை அளந்து அட்டையில் குறித்துவைப்பது பெற்றோர் கடமை. வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தலை பெருக்காது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, நடையில் தடுமாற்றம், மிகுந்த தூக்கக் கலக்கம் ஆகியவையே அறிகுறிகள்.

காலம் தாழ்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழகமே சான்று தந்திருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். மூளையுறைக் காசநோயால் நீர் தேங்கி அறுவைச் சிகிச்சை பெற்ற 114 நோயாளிகளின் வரலாற்றை வேலூர் மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்டனர். நோயாளிகள் வந்து சேர்ந்த நிலையை அவர்கள் நான்கு படிகளாக வகுத்தனர். நினைவு தெளிவாக, வேறு குறையின்றி வந்தோர் முதற்படி. நினைவு முற்றும் இழந்து வந்தோர் நான்காம் படி. முதற்படியில் இறந்தோர் நூற்றுக்கு 20 பேர். இரண்டாம் படியில் ஏறத்தாழ 35. மூன்றாம் படியில் ஏறத்தாழ 52. நான்காம் படியில் வந்தவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. முதலிரு படிகளில் இருப்போருக்குத் தாமதமின்றி அறுவை செய்ய வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. மருத்துவம் அதன்பின் வளர்ந்திருக்கிறது. ஆயினும் அக்கணக்கு புகட்டும் பாடம் மாறவில்லை. வேலூரின் படிநிலை என்னும் பெயரோடு அவ்வகுப்பு இன்றும் மருத்துவ உலகில் வழங்குகிறது.

தீர்வு இருவகை. ஷன்ட் என்னும் மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செலுத்தி, மிகுந்த நீரை மூளை அறையிலிருந்து வயிற்றறைக்கு வடியச் செய்வது ஒன்று. அங்கே உடல் அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். நுண்குழல் கருவியை உட்செலுத்தி, மூன்றாம் அறையின் தளத்தில் சிறு துளையிட்டுப் புதுவழி காண்பது மற்றொன்று. இரண்டாவது முறை எல்லோருக்கும் பொருந்தாது. குறுகிய வழி அடைபட்ட நோயாளிகளுக்கே அது பெரிதும் உதவுகிறது. ஷன்ட் வைத்ததும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது. குழந்தைகளுக்கு வைக்கும் குழாய்களில் ஏறத்தாழப் பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதுபடுகின்றன. காய்ச்சல், வாந்தி, தலைவலி, அயர்ந்த தூக்கம், குழாய் செல்லும் வழியில் தோல் சிவத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.

தடுக்கக்கூடிய பங்கும் இந்நோயில் உண்டு. கருவின் நரம்புக்குழல், கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரிவர மூடாது பிறக்கும் குழந்தைகளுள் பலருக்கு மூளையில் நீர் தேங்குகிறது. முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறையும் என்று 1991-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. கரு உண்டான செய்தி தெரியும்போது பெரும்பாலும் அந்த 28 நாள்கள் கடந்துவிடுகின்றன. ஆதலால் திருமணமான பெண்கள் கருவுறுமுன்பே, மருத்துவர் கூறும் அளவில் அம்மாத்திரையைத் தொடங்க வேண்டும். சாதுர்மாஸ காலத்தில் கீரை வகைகளை விலக்கும் இல்லங்கள் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். விரதமும் கெடாது, கருவும் காக்கப்படும்.

புலால் மறுத்த இல்லங்களுக்கு மற்றொரு செய்தியும் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் மாசடைந்த நீரிலும் கழுவாத காய்கறிகளிலும் கலந்து உடலுட் புகும். அவற்றால் மூளையில் தோன்றும் நீர்க்கட்டிகள் சிலருக்கு இவ்வழியை அடைக்கின்றன. புலால் உண்ணாமை ஒன்றே இதற்குக் காப்பாகாது. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் நம் முன்னோர் வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் நலம்.

இனிச் சமயம் கூறும் பொருளுக்கு வருவோம். இத்தகைய குழந்தை பிறந்தால், முன்வினையின் பயன் என்று கூறி வீட்டுக்குள் மறைத்துவைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. வினைக் கொள்கை அவ்வாறு சொல்லவில்லை. வினை வந்து சேரும் வழியை ஆஸ்ரவம் என்று காட்டிய அதே ஆகமம், அதனைத் தடுக்கும் சம்வரத்தையும் உதிர்க்கும் நிர்ஜரையையும் கற்பித்தது. முயற்சிக்கு இடமில்லையேல் அவ்விரண்டும் எதற்கு? மேலும், தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதம் என்னும் சோர்வையே அதன் வேராக வைக்கிறது. கையை ஓங்கி அடிப்பது மட்டும் இம்சையன்று. அறிகுறியைக் கண்டும் அடுத்த வாரம் பார்ப்போம் என்று இருப்பதும் உயிருக்குச் செய்யும் தீங்கே.

கருணை எவ்வாறு வழியமைக்கும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. எழுத்தாளர் ரோல்டு டாலின் கைக்குழந்தை 1960-இல் நியூயார்க்கில் விபத்துக்குள்ளாகி, மூளையில் நீர் தேங்கியது. வைத்த குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. டால், பொறியாளர் ஸ்டான்லி வேடு, மருத்துவர் கென்னத் டில் மூவரும் சேர்ந்து எளிதில் அடைபடாத வால்வு ஒன்றை உருவாக்கினர். அது முடிவடையுமுன்பே அக்குழந்தைக்கு அதன் தேவை நீங்கிவிட்டது, ஆயினும் அவர்கள் பணியை நிறுத்தவில்லை, இலாபமும் பெறவில்லை. ஏறத்தாழ 3,000 குழந்தைகள் அதனால் பயன்பெற்றனர். இந்தியாவில் லக்னோ மருத்துவர் சாப்ரா வடிவமைத்த ஷன்ட், ஷாஜகான்பூரில் குறைந்த செலவில் செய்யப்படுகிறது. 2005-இல் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் அதனை அமெரிக்கக் குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒன்றின் விலை ஏறத்தாழ 35 டாலர். மற்றதன் விலை 650 டாலர். ஓராண்டு முடிவில் பயனில் வேறுபாடு காணப்படவில்லை.

உடுமலையிலிருந்து கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவன்று. அங்கே நரம்பியல் அறுவைத் துறை உண்டு. தகுதியுடைய குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் துணைநிற்கும். ஆயினும் வண்டிச் செலவு, துணைக்கு ஓர் ஆள், மறுபரிசோதனைக்கு நினைவூட்டும் ஒரு குரல் ஆகியவற்றை அண்டை வீட்டாரும் சங்கத்தாருமே தர இயலும். அதுவே இக்காலத்து ஔஷத தானம்.

வழி அடைபட்ட நீருக்கு மருத்துவர் வழி காண்பார். குழந்தையை உரிய நாளில் அவரிடம் சேர்ப்பது சுற்றத்தின் அறம். எவ்வுயிரும் இன்புறுக! அறம் வளர்க!

ஜெய் ஜினேந்திரா!